எந்த வெள்ளம்ங்க?

பொய் சொல்லி ஊரைக் கலக்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல், ஒரு தெருவையே மூட்டை கட்ட வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பேரூராட்சியில் செயல் அலுவலராக இருந்தார். அவருக்குக் கீழே இளநிலை உதவியாளராக இருந்தவள் நான். மூட்டை கட்டிய தெருவும் என்னுடையதுதான் என்பதால், இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஆபீஸ் வாசலில் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊர் வைத்த பெயர் ‘அப்படியில்லீங்க’. தருமபுரிப் பக்கத்துக்காரர். யார் என்ன சொன்னாலும், சொன்னவர் வாயை மூடுவதற்குள் “அப்படி இல்லீங்க” என்று ஆரம்பித்துவிடுவார். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துப் பேச்சில் இந்த ‘ங்க’ எல்லாம் கிடையாது. ‘போறிய, வாறிய’தான். அந்த ‘ங்க’வைக் கேட்பதற்கென்றே சிலர் ஆபீசுக்கு வந்து, எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பொறுப்பேற்க வந்த அன்றைக்கே எங்களுக்குப் புரிந்துவிட்டது. தலைமை எழுத்தர் ஒரு மாலையைப் போட்டு, “சாரே, நீங்க வந்ததில நம்ம ஆபீசே வெளிச்சமா ஆயிட்டு” என்றார். எல்லா அதிகாரிக்கும் சொல்கிற வசனம்தான் அது.

“அப்படி இல்லீங்க. ரெண்டு டியூப்லைட்டு புதுசா மாட்டியிருக்கீங்க. அதுல ஒண்ணு இன்னும் மினுக்குது பாருங்க” என்றார் இவர், மாலையைக் கழற்றாமலே.

பஸ்ஸில் கண்டக்டர், “உள்ள போங்க, உள்ள போங்க, நிறைய இடம் கிடக்கு” என்று சொன்னால் இந்த நாட்டில் யாரும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை. இவர் எடுத்துக்கொள்வார். படிக்கட்டில் தொங்கிக்கொண்டே, “அப்படி இல்லீங்க, நான் எட்டிப் பார்த்தேன், இடமில்லீங்க” என்பார். ஆபீசுக்கு எதிரில் இருந்த சாயாக் கடைப் பலகையில் ‘சுத்தமான பசும்பால் சாயா’ என்று இருந்தது. பால் எந்தப் பசுவினுடையது என்று தொடர்ந்து கேட்டு, கடைசியில் கடைக்காரரே மனம் வெறுத்து, ‘பாக்கெட் பால் சாயா’ என்று பெயின்ட் அடிக்க வைத்தார். ‘சுத்தமான’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாராம் கடைக்காரர். தண்ணீர் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று இவர் கேட்டதும் அதையும் அழித்துவிட்டார்.

செத்தவர்களையும் அவர் விடவில்லை. கோயில் முக்கில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வயது எண்பத்திரண்டு என்று போட்டிருந்தது. பேரூராட்சிப் பதிவில் எண்பத்து நான்கு. இவர் துக்க வீட்டுக்கே போய், மூத்த மகனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த மகன், “அப்பாதான் போயாச்சே சாரே. அந்த ரெண்டு வயசையும் அவரே கொண்டு போவட்டும்” என்றாராம். திரும்பி வரும்போது, “அவங்க ஏன் மேடம் என் மேல கோபப்படறாங்க?” என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு ‘அப்படி இல்லீங்க’ வரும்.

இப்படிப்பட்டவரைத்தான் பேரூராட்சித் தேர்தலுக்குத் தேர்தல் நடத்தும் அலுவலராகவும் போட்டார்கள். சட்டப்படி செயல் அலுவலர்தான் அந்த வேலையைப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. வாட்ஸப்பில் வருகிற பொய்களை உடனுக்குடன் மறுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வேறு வந்தது. இவர் அந்தக் காகிதத்தை வாசித்தபோது முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். வாழ்நாளெல்லாம் சம்பளமில்லாமல் செய்துவந்த வேலைக்கு அரசாங்கமே ஆணை கொடுத்திருக்கிறது. அன்றைக்கே ‘வதந்தி மறுப்புப் பிரிவு’ ஒன்று உருவானது. அந்தப் பிரிவில் நானும், ஒரு போனும், செல்வின் என்கிற தம்பியின் மைக் கட்டிய ஆட்டோவும் இருந்தோம்.

முதலில் வந்த வதந்தி, விரலில் வைக்கிற மையில் இந்தத் தடவை என்னவோ கலந்திருக்கிறது, விரல் அழுகிவிடும் என்பது. ஊரில் நாலு பேருக்குத்தான் அது தெரியும். செல்வின் ஆட்டோ காலையில் கிளம்பி, “பொதுமக்களுக்கு அறிவிப்பு. மை வைத்தால் விரல் அழுகாது” என்று எல்லாத் தெருவிலும் சொல்லிவிட்டு வந்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லாமல் கவர்மென்ட் இப்படிச் சொல்லுமா என்பது அவர்கள் கேள்வி.

அடுத்தது, சீப்புச் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற ரிட்டயர்டு வாத்தியார் செத்துப்போனார் என்ற வதந்தி. இவர் நேரில் போய் வாத்தியாரைப் பார்த்தார். திரும்பி வந்து அறிவிப்பு எழுதினார். ‘சீப்புச் சின்ன வேட்பாளர் உயிருடன் இருக்கிறார். இன்று காலை பத்து மணிக்கு நேரில் சரிபார்க்கப்பட்டது.’ மத்தியானத்திலிருந்து ஆபீஸ் போன் ஓயவில்லை. “பத்து மணி வரைக்கும் சரி, இப்பம் எப்பிடி இருக்காரு?” என்று கேட்டார்கள். குலசேகரத்திலிருந்து ஒரு மலர்வளையமே வந்து இறங்கியது. மறுநாள் வாத்தியார் ஆபீசுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“சாரே, எனக்காவ இனி ஒண்ணும் பறையாண்டாம். நான் பாட்டுக்கு இருந்துக்கிடுதேன்.”

அவர் போன பிறகு நான் சொன்னேன். “சார், நாம சொல்லாம விட்டா இதெல்லாம் தானா அடங்கிரும்.”

“அப்படி இல்லீங்க மேடம். பொய்யை ஒரு தடவை சொன்னா, உண்மையை ரெண்டு தடவை சொல்லணும்.”

எனக்கு உள்ளுக்குள் வெப்ராளம் தொடங்கியது அன்றைக்குத்தான். வெப்ராளம் என்றால் உட்காரவும் விடாமல் நிற்கவும் விடாமல் நெஞ்சுக்குள் கிடந்து பிசைகிற ஒன்று. தேர்தல் முடிகிற வரைக்கும் அது என்னை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஆற்றங்கரைத் தெருவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் பொய்யில்லை. தெருக்கோடியில் ஆறு ஓடுகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழையில் அந்த ஆறு தெருவுக்குள் ஏறி, எங்கள் வீட்டுக் கட்டில் முழுகும் அளவுக்கு நின்றுவிட்டுப் போனது. டிவி போனது, பீரோ போனது. அதற்கெல்லாம் அழாத என் அம்மா, மோட்டார் கருகிப்போன கிரைண்டரைப் பார்த்துத்தான் அழுதாள். அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஆற்றைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் முதல் வேலை, இரண்டு பேராகப் பிடித்துக் கிரைண்டரைத் தூக்கிப் பரணில் வைப்பது. பிள்ளைகளைத் தூக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு வீட்டில் கிரைண்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்தே ஆறு வருமா வராதா என்று சொல்லிவிடலாம்.

தெருவுக்குக் குழாய் திறந்துவிடுகிறவர் தங்கையன். பேரூராட்சி ஊழியர். என்றைக்கு எத்தனை மணிக்குத் திறப்பார் என்பதைத் தெருவின் வாட்ஸப் குழுவில் குரலாகவே பதிவு செய்து போடுவார். தேர்தல் சனிக்கிழமை. அன்றைக்குப் பெண்கள் குழாயடியில் காத்துக் கிடக்காமல் சீக்கிரம் பிடித்துவைத்துவிட்டு ஓட்டுப் போடப் போகட்டும் என்று, அந்த நல்ல மனுஷன் திங்கட்கிழமை ஒரு பதிவு போட்டார்.

“ஆத்தங்கரைத் தெருக்காரங்க எல்லாரும் கேளுங்க. சனியாழ்ச்ச காலத்த ஆறு மணிக்கு நம்ம தெருவுக்கு வெள்ளம் வரும். நல்ல பலமா வரும். ஒத்தை ஆளு பாக்கி இல்லாம எல்லாருக்கும் கிட்டும். பிடிச்சு வச்சிட்டு ஓட்டுப் போடப் போங்க.”

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். குளிப்பது வெள்ளம், குடத்தில் இருப்பது வெள்ளம், சோற்றுக்கு வைப்பதும் வெள்ளம். ஆறு கரையேறி வந்தால் அதுவும் வெள்ளம்தான். எது எந்த வெள்ளம் என்பது சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் முகம் கிடையாது.

யாரோ அந்தப் பதிவின் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டியிருந்தார்கள். எங்கள் தெரு ஓட்டு யாருக்கு விழாதோ அவருடைய ஆட்களாக இருக்கலாம். மிச்சத்தோடு நுரை தள்ளி ஓடுகிற ஏதோ ஓர் அணையின் படத்தையும், பின்னால் சோகமாக ஒரு வயலினையும் சேர்த்து விட்டுவிட்டார்கள். இப்போது கேட்டுப் பாருங்கள். ஒத்தை ஆளு பாக்கி இல்லாம எல்லாருக்கும் கிட்டும். அது முதலில் எங்கள் தெருவுக்கு வரவில்லை. துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போய், அங்கிருக்கும் எங்கள் தெருப் பையன்கள் பயந்து வீட்டுக்குப் போன் செய்து, அப்படித்தான் திரும்பி வந்தது. ஷார்ஜாவில் இருக்கும் என் தம்பி அம்மாவிடம் அழுதேவிட்டான். செவ்வாய்க்கிழமை இரவுக்குள் தெருவில் எல்லா கிரைண்டரும் பரணுக்குப் போய்விட்டன.

புதன்கிழமை எனக்கு நாகர்கோவிலில் தேர்தல் பயிற்சி வகுப்பு. நான் ஆபீசில் இல்லாத அந்த ஒரு நாளில்தான் விஷயம் ‘அப்படியில்லீங்க’ சார் காதுக்குப் போனது. தருமபுரிக்காரருக்கு வெள்ளம் என்றால் ஒரே வெள்ளம்தான். உடனே பேனாவை எடுத்துவிட்டார். நான் சாயங்காலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தக்கலை தாண்டுவதற்குள் அம்மாவின் போன்.

“ஏட்டி, உள்ளதைச் சொல்லு. வெள்ளம் வருமா, வராதா?”

“எந்த வெள்ளம்மா?”

“அது தெரிஞ்சா உன்கிட்ட என்னத்துக்குக் கேக்கேன்? உங்க ஆபீசு ஆட்டோக்காரன் இப்பம்தான் பறஞ்சிட்டுப் போறான். சனியாழ்ச்ச வெள்ளம் வராதாம். வரும்னு சொன்னா பிடிச்சு உள்ள போடுவாவளாம்.”

பஸ்ஸோ ஊர்கிற ஊர்வலில் நடந்து போனாலே முந்திவிடலாம் போல இருந்தது. இறங்கி ஆபீசுக்கு ஓடினேன். வாசலில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் காலிக் குடங்களோடு நிற்கிறார்கள். முன்னால் என் அம்மா. அவள் ஒரு கையில் குடம், இன்னொரு கையில் குலசேகரத்துச் சித்தி வீட்டுக்குப் போகக் கட்டிய பை. எந்த வெள்ளமாக இருந்தாலும் சமாளிக்கத் தயாராக வந்திருந்தாள். இவர் மேல்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்கம்மா. வெள்ளம் வரவே வராதுங்க.”

“ஏன் வராது?” என்றாள் அம்மா.

“எப்படிங்க வரும்? நான் எல்லா இடத்துலயும் விசாரிச்சுட்டேன். நான் இந்த ஆபீஸ்ல இருக்கிற வரைக்கும் உங்க தெருவுக்கு ஒரு சொட்டு வெள்ளம் வராதுங்க. இது என் பொறுப்பு.”

குடங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எழுந்தது. “நாங்க என்ன பாவம் செய்தோம் சாரே? வரி கெட்டலையா நாங்க?”

“வரி கட்டறீங்க, அதுக்காக வெள்ளம் வேணும்னு கேப்பீங்களா?”

“கேக்காண்டாமா? பின்ன நாங்க என்னத்தக் குடிக்க?”

“வெள்ளத்தையா குடிப்பீங்க?” என்றார் இவர், நிஜமாகவே பயந்துபோய்.

“இல்லாம பின்ன? மண்ணையா குடிக்க?”

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவரை உள்ளே தள்ளாத குறையாக அழைத்துச் சென்று, விஷயத்தைச் சொன்னேன். வெள்ளம் என்றால் என்ன என்று சொன்னேன். தங்கையன் சொன்னது என்ன, வெட்டியது என்ன, இவர் மறுத்தது என்ன என்று வரிசையாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ‘அப்படி இல்லீங்க’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் வாயிலிருந்து அது வராமல் போனதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

பிறகு கேட்டார். “மேடம், ஒரு தெருவே என் அறிவிப்பால ஓட்டுப் போடாமப் போயிட்டா, வதந்தி பரப்பினது யாருங்க? அவங்களா, நானா?”

அந்தக் கேள்விக்காகவே அவரை மன்னித்துவிட்டேன். ஆனால் அவர் மன்னிக்கிற அவகாசத்தை நமக்குக் கொடுக்கிற ஆள் இல்லை. அடுத்த நிமிஷமே புது அறிவிப்பு எழுதிவிட்டார். ‘வெள்ளம் வராது. தண்ணீர் வரும்.’ இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று நானும் நினைத்தேன். செல்வின் தம்பிக்கு ‘தண்ணீர்’ என்று நீட்டிச் சொல்லப் பொறுமையில்லை. மறுநாள் முழுக்க மைக்கில், “சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரைத் தெருவில் அனைவருக்கும் தண்ணி வரும். இப்படிக்குத் தேர்தல் அலுவலர்” என்று சொல்லிக்கொண்டு போனான். தேர்தல் நேரத்தில் தண்ணி என்றால் ஆண்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை எங்கள் தெருப் பக்கமே வராத ஆண்கள் அன்றைக்கு வந்து சனிக்கிழமை எங்கே வரிசை என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். “கட்சிக்காரன் குடுத்தாத்தான் தப்பு, கவர்மென்டு குடுத்தா தப்பில்ல” என்று ஒருவர் விளக்கம் வேறு சொன்னார். சாயங்காலம் பறக்கும் படை ஜீப் ஆபீசுக்கு வந்து, அறிவிப்பு கொடுத்த அதிகாரி யார் என்று கேட்டது.

தங்கையன் கதை இன்னும் மோசம். வெள்ளம் வரும் என்று சொல்கிறவர்கள் மேல் நடவடிக்கை என்று கேட்டதுமே போனை அணைத்துவிட்டு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். ‘தங்கையன் மீது எந்த நடவடிக்கையும் இல்லை’ என்று இவர் குழுவில் குரல் பதிவு போட்டார். அதைக் கேட்ட மச்சான், சும்மா இருக்கிற ஆளைப் பற்றி இவ்வளவு பெரிய அதிகாரி ஏன் பேசுகிறார் என்று யோசித்து, தங்கையனை இன்னும் தூரத்து உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஆற்றையும் நம்பவில்லை, குழாயையும் நம்பவில்லை, ஆபீசை எப்போதுமே நம்பியதில்லை. எங்கள் வீட்டில் அம்மா மட்டும் என் பொருட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இவர் எங்கள் வீட்டு முற்றத்துக்கே வந்தார். பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “நான் என்ன சொன்னா நம்புவீங்கம்மா?” என்று கேட்டார்.

“நீங்க ஒண்ணும் பறையாண்டாம் சாரே” என்றாள் அம்மா. “பறஞ்சது போதும். வெள்ளம் கேறாதுன்னு அவ்வளவு உறுதியா இருந்தா, இங்ஙன வந்து இருங்க. தெருக்கோடியில ஒரு வீடு காலியாத்தான் கிடக்கு.”

வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கியது அவர் இல்லை, அவருடைய மாமியார். கனத்த சரீரம். ஆற்றைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றிலை போட ஆரம்பித்தார். ஜீப் திரும்பிப் போய்விட்டது. அந்தச் செய்தி பூட்டாத வீடுகளுக்கெல்லாம் பரவியது. எதிர்வீட்டு அண்ணன் உடனே பையை எடுத்தார்.

“நேத்துவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மாமியாரக் கொண்டு வந்து விட்டுட்டுப் போறாருன்னா, வெள்ளம் உறுதியாக்கும்.”

நான் ஆபீசுக்கு ஓடினேன். அவர் வாக்குச்சாவடிகளுக்குப் போகிற மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். “சார், மாமியாரால காரியம் கெட்டுப்போச்சு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் நேரமில்லை. “உங்க வீட்டு மேடத்தை வரச்சொல்லுங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானம் அவர் மனைவி வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். வந்தவர் ஒரு பையோடு வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் வீட்டுக் கிரைண்டரோடு வந்தார். சனிக்கிழமை இட்லிக்கு ஆட்ட வேண்டும், அம்மாவுக்கு வேறெதுவும் பிடிக்காது என்றார். ஜீப் டிரைவர் அதை இறக்கி உள்ளே கொண்டுபோனபோது, எங்கள் தெருவில் மிச்சமிருந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். என் அம்மா அந்த வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள்.

“எங்ஙன வைக்கிய?” என்று கேட்டாள்.

“இங்கேயே கீழே இருக்கட்டுங்க” என்றார் அந்தப் பெண். தரையைத் துடைத்து, ஆற்றுப் பக்கத்து அறையிலேயே, வெறும் தரையில் கிரைண்டரை வைத்துவிட்டு, அரிசி ஊறப்போடப் பாத்திரம் தேடப் போய்விட்டார்.

அம்மா வெளியே வந்து போனை எடுத்தாள். தெருவில் பல பேர் போய் ஒதுங்கியிருந்த குலசேகரத்துக்குப் போன் போட்டாள். “ஆபீசர் பெண்டாட்டி கிரைண்டரத் தரையில வச்சிருக்கா. நான் கண்ணால கண்டேன். வெறுந்தரையாக்கும்.” அவ்வளவுதான் சொன்னாள். மைக்கும் ஆட்டோவும் வாட்ஸப்பும் செய்யாததை அந்த வாக்கியம் செய்தது. சாயங்காலம் முழுக்க ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாக ஆட்கள் திரும்பி வந்து, நேராகத் தெருக்கோடி வீட்டுக்குப் போய் ஒரு தடவை கிரைண்டரைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தங்கள் வீட்டுப் பூட்டைத் திறந்தார்கள். மாமியார் எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார். கடைசியாகத் தங்கையனும் வந்தார். அவரும் பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முன்பே குழாயடியில் குடங்கள் வரிசையாகிவிட்டன. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு. சாவடி தெரு முக்கிலிருக்கும் பள்ளிக்கூடம். அங்கே போகிற வழியில் இவர் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றார். கையைக் கட்டினார், அவிழ்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். குழாயிலிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இது வராவிட்டால் ஒரு பெண்ணும் குழாயடியை விட்டு நகரமாட்டாள், ஓட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. தங்கையன் தெரு மேட்டில் வால்வைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். குழாய் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிந்து நல்ல பலமாக வந்தது. தங்கையன் சொன்னபடியே.

“வெள்ளம் வந்தாச்சே” என்று என் அம்மா தெருவுக்கே கேட்கும்படி கூவினாள்.

பள்ளிக்கூட வாசலில் பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர் வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர். வதந்தியை அவரும் கேட்டிருப்பார் போல. விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். “எல்லாரும் மேட்டுக்குப் போங்க, சாமானை விடுங்க, போங்க போங்க” என்று குடங்களைத் தள்ளினார்.

இவர் நடுவில் போய் நின்றார்.

“அப்படி இல்லீங்க” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது நாங்கள் அன்றைக்குத்தான். “இது அந்த வெள்ளம் இல்லீங்க. இது வெள்ளம்ங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?” என்றார் போலீஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே.

“அப்படி இல்லீங்க” என்று மறுபடி சொல்லிவிட்டு, என் அம்மாவின் குடத்திலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார்.

அன்றைக்கு எங்கள் தெருவில் ஓட்டுப் போடாத வீடு இல்லை. சீப்பு வாத்தியார் மட்டும் தோற்றுப்போனார். “செத்திருந்தா அனுதாபத்தில செயிச்சிருப்பேன், அந்த மனுஷன் விடல்ல” என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதிவை வெட்டியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் இவருக்கு மாறுதல் வந்தது. வழியனுப்பு விழாவில் தலைமை எழுத்தர், “இப்படி ஒரு அதிகாரியை இந்த ஆபீஸ் கண்டதில்லை” என்றார். நாங்கள் எல்லோரும் ‘அப்படி இல்லீங்க’வுக்காகக் காத்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். டியூப்லைட் மினுக்குவதை அன்றைக்கு அவர் சொல்லவே இல்லை.

அப்புறமும் அவர் எங்களை விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வெள்ளம் என்று டிவியில் அடியில் ஒரு வரி ஓடினால் போதும், எனக்குப் போன் வந்துவிடும். “எந்த வெள்ளம்ங்க மேடம்?” என்பார். “குடிக்கிற வெள்ளம்தான் சார்” என்பேன். சிரிப்பார். அவர் சிரிப்பார் என்பதே இங்கே இருந்தபோது எனக்குத் தெரியாது.

போன மழைக்கும் போன் வந்தது. நான்கு நாளாக விடாத மழை. ஆறு தெருக்கோடி வீட்டுப் படி வரைக்கும் வந்திருந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

“எந்த வெள்ளம்ங்க?”

“குடிக்கிற வெள்ளம்தான் சார். இங்க ஒண்ணுமில்ல.”

“அப்படி இல்லீங்க மேடம். நான் அணைக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். தண்ணி திறக்கறாங்க. அம்மாவோட கிரைண்டரைத் தூக்கி மேலே வச்சிருங்க. அப்புறம் ரெண்டு பேரும் கிளம்புங்க.”

நான் போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மா இட்லிக்கு மாவு வழித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள், ஷார்ஜாத் தம்பி, டிவி என்று யார் சொல்லியும் அசையாதவள். இந்தத் தடவை ஒன்றும் வராது என்று உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கிரைண்டரை ஏத்தணுமாம்.”

“ஆரு பறஞ்சா?”

“அப்படியில்லீங்க சார்.”

அம்மா மாவுக் கையைக் கழுவினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிரைண்டரின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“அவரு சொன்னா உள்ளதாத்தான் இருக்கும். நீ அந்தப் பக்கம் பிடி.”